சுறா எவருக்கும் மூதாதை அன்று

1911 ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. நூற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 4 அன்று, திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அப்போது நெல்லூரிடமிருந்து சூலூர்பேட்டை, தடா, கூடூர்ப் பகுதிகள் அதனோடு இணைக்கப்பட்டன. பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வங்கக் கடற்கரையின் ஒரு துண்டும் உடன் வந்தன. ஓர் அரசாணையால் மலையடிவார ஊருக்குக் கடல் வாய்த்தது. வாய்த்த கடலில் சுறாவும் திருக்கையும் உண்டு. ஆனால் அவ்வட்டாரத்து வகுப்பறைகளிலும் மேடைகளிலும், தமிழாயினும் தெலுங்காயினும், அவ்விலங்குகளைப் பற்றி ஒலிப்பது பழைய வாய்பாடு ஒன்றே: சுறா நாற்பது கோடி ஆண்டுகளாக மாறாத உயிர், முதுகெலும்பிகளுள் கீழ்நிலையது, அந்தப் படியிலிருந்து ஏறித்தான் பிற மீன்களும் தவளையும் ஓணானும் இறுதியில் மனிதனும் வந்தனர்.

இவ்வாய்பாடு முற்றிலும் பிழை. பிழை என்பதற்குச் சான்று சுறாவின் தோலிலேயே இருக்கிறது. இப்பிழை உயிரியலாரின் தனியுடைமையும் அன்று. தெலுங்கு தமிழிலிருந்து பிறந்ததா, தமிழைவிடத் தெலுங்கு மூத்ததா என்று அதே வட்டாரத்தில் தலைமுறைகளாக நடக்கும் வழக்கும் இதே சிந்தனைக் கோளாற்றின் மறுபக்கமே. உறவை ஏணியாகக் காணும் கண்ணுக்கு மீனும் மொழியும் ஒன்றுபோலவே மங்கித் தெரிகின்றன.

முதலில் தோல். சுறாவின் மூக்குப் பகுதியை அடிப்புறமாகத் திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தினாற்போல் நுண்துளைகள் வரிசை வரிசையாகத் தென்படும். தலை சம்மட்டிபோல் விரிந்த கொம்பன் சுறாவில் இத்துளைகள் மூவாயிரத்தை எட்டுவதுண்டு. ஒவ்வொரு துளையும் கூழ் நிறைந்த ஒரு குழாயின் வாய். குழாயின் அடியில் சிறு குடுவை. குடுவையின் சுவரில் உணர்செல்கள். 1663-இல் மால்பிகி இவற்றைக் கண்டு குறித்தார். 1678-இல் பிளாரன்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபானோ லோரன்சினி மின்திருக்கைகளை அறுத்து விரிவாக விவரித்தார். குடுவைகளுக்கு அவர் பெயரே நிலைத்தது. பெயர் வந்ததே தவிர, பயன் விளங்கவில்லை. சளி சுரக்கும் சுரப்பி என்றனர். அழுத்தம் அறியும் உறுப்பு என்றனர். வெப்பம் அறிவது என்றும் ஒருகாலத்தில் நம்பினர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழிந்தபின், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆர். டபிள்யூ. மர்ரே அவை மிக மெல்லிய மின்தூண்டலுக்கு மறுமொழி தருவதைக் காட்டினார். டச்சு ஆய்வாளர் கால்மைன் 1971-இல் வெளியிட்ட சோதனை ஐயத்துக்கு இடமின்றி ஆக்கிற்று.

அச்சோதனையைச் சற்று நின்று பார்ப்பது தகும். தட்டைமீன் ஒன்று மணலுக்கடியில், அகார் கூழால் ஆன அறைக்குள் மறைக்கப்பட்டது. அகார் மணத்தைத் தடுக்கும், மின்புலத்தைத் தடுக்காது. சுறா நேராக மீனிருந்த இடத்துக்கு வந்து தோண்டியது. அகாரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை விரித்ததும் சுறா எதையும் உணராமல் மேலே நீந்திப் போயிற்று. அப்படலம் மின்புலத்தையும் மறைத்துவிட்டது. மீனையே எடுத்துவிட்டு, மீனின் உடல் உண்டாக்கும் அளவுக்கான மின்னோட்டத்தை இரு மின்முனைகளால் மணலுக்கடியில் செலுத்தியபோது, சுறா மின்முனையைக் கடித்தது. கண்ணும் மூக்கும் சாட்சி சொல்ல முடியாத இடத்தில் தோல் சாட்சி சொன்னது. சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் என்னும் அளவு மெலிந்த புலத்தையும் இவ்விலங்குகள் உணர்வதாகப் பின்வந்த அளவீடுகள் கூறின. ஆய்வகங்களில் செய்யப்படும் கருவிகள் பலவற்றுக்கும் இது எட்டாக்கனி.

குடுவைகள் தனித்து நிற்பவை அல்ல. மீனின் விலா நெடுகிலும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் அசைவை உணர்வது. குடுவை மின்புலத்தை உணர்வது. இரண்டுக்கும் உரிய நரம்புகளும் ஒரே குடும்பத்தவை. இவ்விரு வகை உறுப்பும் கருவில் எங்கிருந்து தோன்றுகின்றன என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 2006-இல் சுறாக் கருக்களில் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்த ஆய்வொன்று, குடுவைகள் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வரக்கூடும் என்றது. 2012-இல் கில்லிசும் அவர் குழுவினரும் வட அட்லாண்டிக்கின் சிறு ஸ்கேட் என்னும் திருக்கையினத்தின் கருவில் சாயமேற்றிச் செல்களைப் பின்தொடர்ந்தனர். குடுவைகள் பக்கக்கோட்டைத் தரும் அதே தோல்தடிப்புகளிலிருந்து, பிளாக்கோடுகள் என்று பெயர் பெற்றவற்றிலிருந்து, வருவதைக் கண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு எலும்பு மீன்களைச் சேர்ந்த துடுப்புமீனிலும் இதே முடிவு கிடைத்திருந்தது. குருத்தெலும்பு மீனிலும் எலும்பு மீனிலும் ஒரே உறுப்பு, ஒரே கருமூலம், ஒரே நரம்புக் குடும்பம். இரு கிளைக்கும் பொதுவான மூதாதையிடம் அது இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று எளிதில் கிடைக்காது.

தாடையற்ற லாம்ப்ரேக்கும் மின்னுணர்வு உண்டு. ஸ்டர்ஜன், துடுப்புமீன், பிச்சிர், சீலகாந்த், நுரையீரல் மீன், சாலமாண்டர் ஆகியவற்றுக்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் காலற்ற சிசிலியன்களுள் இக்தியோஃபிஸ் இனத்தின் இளவுயிரிக்கும் உண்டு. தவளைக்கு இல்லை, ஊர்வனவற்றுக்கு இல்லை, பறவைக்கு இல்லை. இன்று சந்தையில் குவியும் எலும்பு மீன்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. அதாவது, சுறா எதையோ புதிதாகப் பெற்றதன்று, மற்றவை இழந்தன. மனிதனின் வழிமரபும் இழந்த பக்கத்தைச் சேர்ந்ததே. ஏணிப்படத்தின் உச்சியில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பதாகச் சொல்லப்படும் விலங்கைப் பார்த்து ஏழை என்பது, தாத்தாவின் நிலத்தை விற்றுத் தின்றவன் நிலத்தைக் காத்த பங்காளியை முன்னேறாதவன் என்பது போலாகும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, பழையதைக் காத்ததால்தானே சுறாவைத் தொன்மையானது என்கிறார்கள், அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இருக்கிறது. ஒரு பண்பு பழையதாக இருப்பது வேறு. அதை வைத்திருக்கும் உயிர் பழையதாக இருப்பது வேறு. ஒப்பியல் மொழியியலின் முதலாண்டு மாணவர் அறிந்த வேறுபாடு இது. ஒப்பியல் விலங்கியலில் அது மறக்கப்படுவதுதான் வியப்பு.

தமிழில் ஆறு, உப்பு. தெலுங்கிலும் ஆறு, உப்பு. கோண்டியில் சாருங், சோவர். மூலத் திராவிடத்தில் இச்சொற்களின் முதலில் சகர ஒலி இருந்தது, தமிழும் தெலுங்கும் அதை இழந்தன, கோண்டி காத்தது. அதனால் கோண்டி தமிழின் தாய் ஆகிவிட்டதா? இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழைவிட, நெடுங்காலம் எழுத்து இல்லாதிருந்த கோண்டி மூத்ததா? எவரும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் சித்தூர் மேடையிலும் திருப்பதி மேடையிலும் ஒரே நேரத்தில் கல் விழும். ஒரு சொல்லில் ஒரு மொழி பழமையைக் காக்கிறது. இன்னொரு சொல்லில் அதே மொழி முந்திக்கொண்டு மாறுகிறது. காதைக் கன்னடர் கிவி என்பர். தமிழர் செவி என்பர். தெலுங்கரும் செவி என்பர். இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம். மாறியது தமிழும் தெலுங்கும்.

இந்தச் செவியில்தான் சுறாவைப் பற்றிய பாடமே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ககரத்தைச் சகரமாக்கின. ஆகவே இரண்டும் அம்மாற்றத்தை ஒரே தாயிடமிருந்து பெற்றன என்று அவசரப்படுவோர் முடிவு கட்டுவர். பொறுமையாகப் பார்ப்பவர் மாற்றத்தின் நிபந்தனையைப் பார்ப்பர். தமிழில் அடுத்து வளைநாவொலி வந்தால் ககரம் அசையாது: கிளி கிளியாகவே இருக்கிறது, கெடு கெடுவாகவே இருக்கிறது. தெலுங்கில் அத்தடை இல்லை: கிளி சிலுக்க ஆயிற்று, கெடு செடு ஆயிற்று. விளைவு ஒன்று, விதி வேறு. ஆகவே இரு மொழிகளும் தனித்தனியே அவ்வழி சென்றன. விளைவின் ஒற்றுமையை வைத்து உறவு கூறாதே, விதியின் ஒற்றுமையைப் பார் என்பது மொழியியலாரின் அன்றாட ஒழுக்கம்.

இப்போது பழவேற்காட்டு வலை ஒன்றை மனத்தில் விரிக்கலாம். அதில் ஒரு திருக்கையும் ஒரு கெளுத்தியும் கிடக்கின்றன. இரண்டுக்கும் மின்னுணர்வு உண்டு. இரண்டின் தோலிலும் துளை உண்டு. துளைக்குள் குழாய் உண்டு. அடியில் குடுவை உண்டு. ஒரே உறுப்பு என்றுதான் கண் சொல்லும். ஆனால் கெளுத்தியின் முன்னோர்களான எலும்பு மீன்கள் பழைய மின்னுணர்வை முற்றும் இழந்தவை. கெளுத்தி வகையில் அது மீண்டும் புதிதாகத் தோன்றியது. இதை எப்படி அறிவது? விதியைப் பார்த்து. திருக்கையின் உணர்செல் எதிர்மின் தூண்டலால் கிளர்ச்சி பெறுகிறது. கெளுத்தியின் உணர்செல் நேர்மின் தூண்டலால் கிளர்ச்சி பெறுகிறது. செல்லின் தலைப்பகுதி அமைப்பும் வேறு. செவியும் செவியும்போல வெளிக்கு ஒன்று. கிளியும் சிலுக்கவும்போல உள்ளே இரண்டு. தென்னமெரிக்க, ஆப்பிரிக்க மின்மீன்களும் இப்படிப் பின்னாளில் பெற்றவையே. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் தன் அலகில் பெற்றது இன்னும் வேறு. அங்கே செய்தி செல்வது பக்கக்கோட்டு நரம்பின் வழியன்று, முக்கிளை நரம்பின் வழி.

அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு என்று பள்ளி நூல்கள் வௌவால் சிறகையும் பூச்சிச் சிறகையும் வரைந்து ஓய்ந்துவிடுகின்றன. ஒரே வலையில் கிடைக்கும் திருக்கையும் கெளுத்தியும் இருக்க, வௌவாலைத் தேடி ஏன் அலைய வேண்டும்? உள்ளூர் மீனை வைத்துப் பாடம் நடத்தினால் மாணவர் மறுகேள்வி கேட்பார் என்ற அச்சம் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

சுறா மாறாதது என்ற இரண்டாம் பொய்க்கு வருவோம். 2017-இல் சிறு ஸ்கேட்டின் மின்னுணர் செல்களில் எந்தக் கால்சியம் வாயில் இயங்குகிறது என்று பெல்லோனோ, லீச், ஜூலியஸ் ஆகியோர் காட்டினர். அது சிஏவி1.3 என்னும் வாயில். மனிதக் காதின் மயிர்ச்செல்லில் ஒலியை நரம்புக்குக் கடத்துவதும் அதே வகை வாயிலே. அது பழுதுபட்டால் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும். வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து ஆசிரியரின் குரலைக் கேட்கும் மாணவரின் செவிக்குள் சுறாவின் குடுவைக்கு நெருங்கிய உறவு உண்டு. உறவு உண்டு, வாரிசுரிமை இல்லை. மறு ஆண்டில் அக்குழுவினர் ஸ்கேட்டையும் ஒரு சுறாவினத்தையும் ஒப்பிட்டனர். ஸ்கேட்டின் செல் மென்மையான ஏற்ற இறக்கங்களாக மறுமொழி தருகிறது. பல்வகை மின்குறிகளை வேறுபடுத்தும் திறன் அதற்கு உண்டு. தன் இனத்தோடு மெல்லிய மின்குறியால் பேசும் விலங்கு அது. சுறாவின் செல் வேறொரு பொட்டாசியம் வாயிலைக் கொண்டு, வலிய துடிப்புகளாக மறுமொழி தருகிறது. இரையைப் பிடிப்பதே அதற்கு வேலை. சுறாவும் திருக்கையும் உடன்பிறந்த கிளைகள். ஒரே பழைய உறுப்பைப் பெற்ற இரு கிளைகள் அதைத் தத்தம் வாழ்க்கைக்கேற்ப வெவ்வேறாகச் செதுக்கிக்கொண்டன. தென்னமெரிக்க ஆறுகளுக்குள் புகுந்த திருக்கைகளின் குழாய்கள் நன்னீரின் மின்தன்மைக்கேற்பக் குறுகிவிட்டன. இதை மாற்றம் என்று சொல்லாவிட்டால் எதைச் சொல்வது?

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களின் முன்முயற்சியால் யானைச் சுறா எனப்படும் கிமேராவின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, அன்று அறியப்பட்ட முதுகெலும்பிகளுள் மிக மெதுவாக மாறும் மரபணுத்தொகுதி அதுவே என்று கண்டறியப்பட்டது. மாறாத உயிர் என்போர் இதைக் கொடியாகப் பிடிக்கின்றனர். மெதுவாக நடப்பவர் நின்றுவிட்டவர் அல்லர். மேலும், பெயரில் சுறா இருந்தாலும் கிமேரா சுறா அன்று. சுறாவின் கிளையிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தது. மெதுவாக மாறுவதும் ஒரு கிளையின் பண்பே. அது முழுமரத்தின் வேர் ஆகிவிடாது. ஐஸ்லாந்து மொழி ஜெர்மானியக் குடும்பத்துள் மெதுவாக மாறியது என்பதால் ஆங்கிலம் அதன் மகள் ஆகிவிட்டதா?

தமிழ்ப் பக்கத்துக்கே உரிய மூன்றாம் பொய் ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் விடுவது கோழைத்தனம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்ததால், டார்வினுக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே தமிழர் பரிணாமத்தைக் கண்டுவிட்டனர் என்ற முழக்கம் சமூக ஊடகத்தில் ஓயாமல் சுற்றுகிறது. மரபியலின் பகுப்பு அருமையானது. புலன்களை அளவுகோலாகக் கொண்டு உயிர்களை முறைப்படுத்த முயன்றது. உலகின் பழைய வகைப்பாடுகளுள் மதிக்கத்தக்க இடம் அதற்குண்டு. ஆனால் அது வகைப்பாடு, வரலாறு அன்று. ஓரறிவுயிர் ஈரறிவுயிராக மாறியது என்று அந்நூல் எங்கும் கூறவில்லை. கூறாததை அதன் வாயில் திணிப்பது அந்நூலுக்குச் செய்யும் அவமதிப்பு. அந்த அளவுகோலைச் சுறாவின் தோலில் வைத்துப் பார்த்தால் இன்னொரு சங்கடமும் நேர்கிறது. மனிதனுக்கு இல்லாத ஒரு புலன் அதற்கு இருக்கிறது. புலன்களை எண்ணிப் படியேற்றினால் சுறா மனிதனுக்கு மேலே போய் அமரும். (செய்தித்தாள்கள் ஆங்கிலத் தொடரைப் பெயர்த்துச் "சுறாவின் ஆறாம் அறிவு" என்று தலைப்பிடுகின்றன. தமிழில் ஆறாம் அறிவு என்பது மனம். சுறாவுக்கு மனம் வந்துவிட்டது என்றா பொருள்? இதைக் கேட்க அங்கே மெய்ப்புத் திருத்துநர் இல்லை போலும்.)

ஏணியை மரமாக மாற்றிய இருவேறு துறைகளின் கதை இத்தென்னிலத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1816-இல் சென்னையில் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததன்று, தமிழ், கன்னடம் முதலியவற்றோடு உடன்பிறந்தது என்று சான்றுகளோடு நிறுவினார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. மூன்றாண்டு கழித்து டார்வினின் நூல் வந்தது. உயிர்களின் வகைப்பாடு வம்சாவளியாகவே இருக்க வேண்டும் என்பதை விளக்க அவர் எடுத்த உவமை மொழிகளின் வம்சாவளி. இருபதாம் நூற்றாண்டில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கைக் கோண்டி, கூயி, குவி முதலியவற்றோடு ஒரு கிளையிலும், தமிழைக் கன்னடம், மலையாளம் முதலியவற்றோடு இன்னொரு கிளையிலும் வைத்தார். அப்பகுப்புக்கு அவர் கொண்ட அடிப்படை பொதுவாகக் காத்த பழமைகள் அல்ல, பொதுவாகச் செய்த புதுமைகள். உயிரியலில் ஹென்னிக் 1950-இல் நிறுவிய விதியும் அதுவே. தெலுங்கு தமிழின் மகளும் அன்று, தாயும் அன்று. சுறா நெத்திலிக்குத் தாயும் அன்று, மனிதனுக்குப் பாட்டியும் அன்று. சுறா என்ற சொல்லைக்கூடத் தெலுங்கர் தமிழரிடம் கடன் வாங்கவில்லை; தமிழின் சுறா, மலையாளத்தின் ஸ்ராவு, தெலுங்கின் சொர மூன்றும் ஒரே வேரின் தளிர்கள்.

இவ்வளவும் நடந்த நிலத்தில், சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகமும் 2015 முதல் ஐசரும் இருக்கின்றன. மரம் வரையும் இரு கலைகளும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கையில், மேடைகளில் ஏணியே நிறுத்தப்படுகிறது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லை என்றதால் மலை தமிழருடையது என்று ஒரு பக்கம். இன்று மக்கள் பேசுவது தெலுங்கு, ஆகவே தெலுங்கே மூத்தது என்று மறு பக்கம். திருமலைக் கல்வெட்டுகளில் தமிழ் மிகுந்திருப்பது ஆட்சியின், வழிபாட்டின் வரலாறு. மொழிகளுள் எது எதைப் பெற்றது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதே திருமலை மலைப்பாதையில், நகரிக் குவார்ட்சைட் பாறை தன்னினும் மிகப் பழைய பாறையின்மேல் அமர்ந்திருக்கும் கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இரு பாறைகளுக்கும் இடையே பல பத்துக் கோடி ஆண்டுகளின் பதிவு இல்லை. அழிந்துபோன ஏடுகள் அவை. குடுவையும் கூழும் மென்மையானவை. அவையும் பாறையில் எளிதில் பதிவதில்லை. ஏடு அழிந்த இடத்தில் எஞ்சிய உறவினரை ஒப்பிட்டுத்தான் மூதாதையை மீட்டெடுக்க வேண்டும். மூலத் திராவிடத்தில் கல்வெட்டு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அதில் உப்புக்குச் சகரம் இருந்தது என்று உறுதியாகக் கூற முடிகிறதல்லவா?

இது வெறும் சொற்சண்டை என்று ஒதுக்குவோருக்கு 2023-ஐ நினைவூட்டுவது போதும். அவ்வாண்டு என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. "மரபுவழியும் பரிணாமமும்" என்ற பாடம் "மரபுவழி" என்று சுருங்கிற்று. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையெழுத்திட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறதே என்று விடை வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விடும் மாணவர் பெரும்பான்மையோர். அவர்களுக்குப் பரிணாமத்தைப் பற்றிக் கிடைக்கப்போவது குரங்கு நிமிர்ந்து மனிதனாகும் அந்த ஏணிப்படம் மட்டுமே. அதைச் சுவரொட்டி தரும், விளம்பரம் தரும், கைப்பேசி தரும். பாடத்தை நீக்கியவர் ஏணியை நீக்கவில்லை. ஏணியை உடைக்கும் கருவியை நீக்கினர். எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களுள் எத்தனை பேர் தம் வகுப்பில் "கீழ்நிலை முதுகெலும்பிகள்", "உயர்நிலை முதுகெலும்பிகள்" என்ற தலைப்புகளை இன்னும் கரும்பலகையில் எழுதுகின்றனர் என்பதும் கேட்கத்தக்க கேள்வி.

மாறாத உயிர் என்ற சொல்லின் விலையைக் கடலில்தான் காண வேண்டும். ஐந்து பேரழிவுகளைத் தாண்டி வந்த விலங்கு, வலையையும் தாண்டும் என்று மீன்பிடித் துறைமுகங்களில் படித்தவர்களே பேசக் கேட்கலாம். சுறாவும் திருக்கையும் தாமதமாகப் பருவமெய்தி, சில குட்டிகளே ஈனும் விலங்குகள். நெத்திலியைப்போல் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்ட அவற்றால் ஆகாது. 2021-இல் வெளியான உலக மதிப்பீடு குருத்தெலும்பு மீனினங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவை நோக்கி நிற்பதாகக் கூறிற்று. அவ்வாண்டிலேயே வந்த மற்றோர் ஆய்வு, திறந்த பெருங்கடலின் சுறா, திருக்கைகளின் தொகை 1970 முதல் 71 விழுக்காடு வீழ்ந்தது என்றது.

அவற்றுள்ளும் துயரமானது வேளா மீன். மீனவர் வேளா என்றழைக்கும் வாள்மூக்கு மீன், சுறாவின் உருவம் கொண்ட திருக்கை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சூல்கொண்ட சுறவின் கோட்டை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. அக்கோடு வேளாவின் வாள்மூக்கு என்று கொள்வது பொருந்தும். அந்த வாளைச் சதை வெட்டும் கத்தி என்றே நெடுங்காலம் எண்ணினர். 2012-இல் பார்பரா வூரிங்கர் குழுவினர் நன்னீர் வேளாக்களை வைத்துச் செய்த சோதனையில், அவ்வாள் இரையின் மின்புலத்தை உணர்ந்து, உணர்ந்த நொடியிலேயே பக்கவாட்டில் வீசி அடிப்பது தெரிந்தது. வாள் முழுதும் லோரன்சினி குடுவைகள். பரதவர் இதை அறிந்திருந்தனர் என்று எவரும் கிளம்ப வேண்டாம். அறிந்திருந்ததற்குச் சான்று இல்லை. அவர்கள் அவ்விலங்கை அறிந்திருந்தனர், அஞ்சினர், வணங்கினர். அதுவே போதுமான பெருமை.

2001-இல் இந்திய அரசு வேளா இனங்களை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் கரையில் இருக்கிறது. கடலுக்குள் செவுள்வலை இருக்கிறது. இரையைத் தேடிப் பக்கவாட்டில் வீசும் அந்த வாளின் பல் ஒன்று நைலான் கண்ணியில் மாட்டினால், விலங்கு மேலும் வீசும். வீச வீச வலை சுற்றும். அதன் தோல் நைலானின் மின்புலத்தை உணராது, ஏனெனில் நைலானுக்கு மின்புலம் இல்லை.